டேட்டாபேஸ் நிர்வாகி ஆக நான் தயாரா?



நம்மில் பலருக்கு டேட்டாபேஸ் நிர்வாகி என்கிற வேலை அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் எழுதி வருவதில்லை. டிப்ளமோ முடித்து, தில்லைநகரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியிலோ, துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்டின் ஆபீஸிலோ, ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பில்லிங் செக்‌ஷனிலோ சேருகிறோம். புரோகிராம் எழுதுகிறோம், பிரிண்டர் மக்கர் செய்தால் அதையும் பார்க்கிறோம். ஒன்றிரண்டு வருஷம் இப்படி ஓடுகிறது. அதுவரை சர்வரைக் கவனித்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் சென்னைக்கோ பெங்களூருக்கோ கிளம்பிவிடுகிறார். மேனேஜர் நம்மைக் கூப்பிட்டு, "தம்பி, நீதானே கம்ப்யூட்டர் படிச்சவன்? இனிமே டேட்டாபேஸையும் நீயே பாத்துக்கப்பா" என்கிறார். சம்பளம் கொஞ்சம் கூடும். விசிட்டிங் கார்டில் டி.பி.ஏ. என்று போட்டுக்கொள்ளலாம். வேண்டாம் என்று சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்?

அந்த இடத்தில் "சரி சார்" என்பதா, "ஆறு மாசம் டைம் குடுங்க சார்" என்பதா? இதை முடிவு செய்ய ஒரு அளவுகோல் வேண்டும். ஆர்.டி.பி.எம்.எஸ். பேப்பரில் வாங்கிய மார்க் அந்த அளவுகோல் இல்லை. நார்மலைசேஷன் ஐந்தாம் படிவம் வரை மனப்பாடமாகச் சொல்பவர்கூட இந்த வேலைக்குத் தயாராகாமல் இருக்கலாம். ஏன் என்று பார்ப்போம்.

முதலில், டி.பி.ஏ. என்பவர் யார்? நமக்கு நன்கு தெரிந்த ஒரு டேட்டாபேஸையே எடுத்துக்கொள்வோம். ரயில்வே முன்பதிவு ஒரு காலத்தில் தடிமனான லெட்ஜர்களில் பேனாவால் எழுதி நடந்த வேலை. 1980களின் நடுவில் தில்லியில் அது கம்ப்யூட்டருக்கு மாறத் தொடங்கியது. ரயில்வேயின் கம்ப்யூட்டர் வேலைகளைக் கவனிக்க 1986-ல் கிரிஸ் என்கிற அமைப்பு ஏற்பட்டது. பிற்பாடு தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்று ஐந்து மையங்களில் முன்பதிவு டேட்டாபேஸ்கள் வைத்து அவற்றை ஒன்றோடொன்று இணைத்தார்கள். 2002 ஆகஸ்டில் ஐ.ஆர்.சி.டி.சி. மூலம் இன்டர்நெட்டில் டிக்கெட் வந்தது.

இப்போது வைகுண்ட ஏகாதசி சமயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஒரே ஒரு லோயர் பெர்த் மிச்சம். திருச்சி ஜங்ஷன் கவுண்ட்டரில் ஒரு பெரியவர் ஃபாரம் கொடுத்துவிட்டு நிற்கிறார். ஸ்ரீரங்கத்தில் வீட்டில் உட்கார்ந்து மொபைலில் ஒருவர் அதே பெர்த்தைத் தட்டுகிறார். இரண்டு பேருக்கும் ஒரே சீட்டைக் கொடுத்துவிடாமல் இருக்க, முதலில் வந்தவருக்காக அந்த ஒரு ரோ பூட்டப்படுகிறது. இரண்டாமவர் ஒரு கணம் காத்திருக்கிறார். பணம் வந்து கமிட் ஆனால் பூட்டு திறக்கும், அடுத்தவருக்கு வெயிட்டிங் லிஸ்ட். பணம் வராவிட்டால் ரோல்பேக், சீட்டு பழையபடி காலி. பரீட்சையில் நாம் டிரான்ஸாக்‌ஷன் என்று எழுதுவது இதைத்தான்.

இந்தப் பூட்டையும் சாவியையும் டேட்டாபேஸ் சாஃப்ட்வேரே பார்த்துக்கொள்கிறது. எந்தப் பெர்த் யாருக்கு என்கிற புரோகிராமை எழுதுபவர் டெவலப்பர். அப்படியானால் டி.பி.ஏ.வுக்கு என்ன வேலை? தட்கல் திறக்கும் காலை 10 மணிக்கும் 11 மணிக்கும் லட்சக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் மோதும்போது சர்வர் மூச்சு முட்டாமல் இருக்கிறதா, டிஸ்க்கில் இடம் இருக்கிறதா, யார் யாருக்கு எந்த டேபிளைத் தொட அனுமதி, ஒரு டிஸ்க் எரிந்து போனால் எத்தனை நிமிஷத்தில் திரும்ப நிற்கும் என்பதெல்லாம் அவர் தலையில். நள்ளிரவை ஒட்டி முன்பதிவு கொஞ்ச நேரம் நின்றிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாம் தூங்குகிற நேரம்தான் இந்த மாதிரி வேலைகளுக்குத் தோதான நேரம். குடும்பத்தில் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "நான் தயாரா?" என்பதற்கு என் கணக்கில் ஒரே ஒரு பெரிய பரீட்சைதான் உண்டு. நீங்கள் ஒரு டேட்டாபேஸை பேக்கப்பிலிருந்து, வேறொரு மெஷினில், யார் உதவியும் இல்லாமல், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ரெஸ்டோர் செய்திருக்கிறீர்களா? பேக்கப் எடுத்திருக்கிறீர்களா என்று நான் கேட்கவில்லை. பேக்கப்பை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ராத்திரி 11 மணிக்குத் தானாக ஓடும்படி ஒரு வரி எழுதிவிட்டால் போதும். அது சரியாக எடுபடுகிறதா என்பது திருப்பி எடுக்கும்போதுதான் தெரியும்.

இதற்கு ஊரறிந்த உதாரணம் ஒன்று இருக்கிறது. கிட்லேப் என்பது உலகம் முழுக்கப் புரோகிராமர்கள் தங்கள் கோடைப் பத்திரப்படுத்தி வைக்கும் ஒரு சேவை. 2017 ஜனவரி 31-ம் தேதி அங்கே ராத்திரி வேலையில் இருந்த ஒரு எஞ்சினியர், இரண்டாவது சர்வரில் தகராறு செய்துகொண்டிருந்த டேட்டாபேஸ் ஃபோல்டரை அழிக்க நினைத்தார். ஆனால் ஸ்கிரீனில் திறந்திருந்ததோ முதல் சர்வர், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் அசல். ஓரிரு விநாடியில் சுதாரித்து நிறுத்திவிட்டார். அதற்குள் சுமார் 300 ஜி.பி. டேட்டாவில் 4.5 ஜி.பி.தான் மிச்சம்.

பேக்கப் இருக்குமே என்கிறீர்களா? இருந்தது, காகிதத்தில். தினமும் எடுத்துக்கொண்டிருந்த பேக்கப் உண்மையில் எடுபடவே இல்லை. சர்வரில் ஓடியது போஸ்ட்கிரஸ் 9.6, பேக்கப் எடுத்த கருவியோ 9.2. வெர்ஷன் பொருந்தாமல் அது தினமும் பிழை காட்டி நின்றுகொண்டிருந்தது. பிழை வந்தால் ஈமெயில் போக வேண்டும். அந்த ஈமெயில்களை, சரியான கையொப்பம் இல்லை என்று மெயில் சர்வர் திருப்பித் தள்ளிவிட்டது. ஆகவே யாருக்கும் தெரியவில்லை. டிஸ்க் ஸ்னாப்ஷாட் வசதி டேட்டாபேஸ் சர்வர்களுக்குப் போடப்படவே இல்லை. கடைசியில் காப்பாற்றியது, வேறு ஏதோ சோதனைக்காக ஒருவர் ஆறு மணி நேரம் முன்னால் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு நகல். அதிலிருந்து மீட்க சுமார் 18 மணி நேரம் ஆயிற்று. இடைப்பட்ட ஆறு மணி நேரத்தில் உலகெங்கும் செய்யப்பட்ட பதிவுகள் போனது போனதுதான். இதையெல்லாம் அந்தக் கம்பெனியே மறைக்காமல் வெளியிட்டது. நான் அதைப் பாராட்டுகிறேன். நம்மூரில் இப்படி நடந்தால் "டெக்னிக்கல் ப்ராப்ளம்" என்று ஒரு போர்டு மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த எஞ்சினியர் கத்துக்குட்டி இல்லை. களைத்துப்போன நல்ல எஞ்சினியர் யாருக்கும் இது நேரும். ஆனால் பேக்கப்பை மாதம் ஒருமுறையாவது யாராவது ரெஸ்டோர் செய்து பார்த்திருந்தால், வெர்ஷன் கோளாறு முதல் தடவையிலேயே அம்பலமாகியிருக்கும்.

நம் நாட்டிலேயே 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் சர்வர்களை ரான்சம்வேர் பூட்டியது. ஐந்து சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் டேட்டா. ஓ.பி. சீட்டிலிருந்து லேப் ரிப்போர்ட் வரை பேப்பரில் எழுத வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரிப் பதிவுகள் திரும்பக் கிடைத்ததற்குக் காரணம், பாதிக்கப்படாமல் தப்பிய ஒரு பேக்கப் சர்வர். அது தப்பவில்லை என்றால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பேக்கப்பையும் அசலையும் ஒரே நெட்வொர்க்கில், ஒரே பாஸ்வேர்டில் வைத்தால், பூட்டுகிறவன் இரண்டையும் சேர்த்தே பூட்டுவான்.

வேறொரு இடத்தில் நகல் வைப்பது கம்ப்யூட்டர் கண்டுபிடித்த புத்தியும் இல்லை. ஸ்ரீரங்கம் கோயில் மதில்களில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. நிலம், தானம், விளக்குக்கு ஆடு என்று எல்லாம் கல்லில். கல்லைவிட உறுதியான ஸ்டோரேஜ் உண்டா? இருந்தாலும் தொல்லியல் துறையினர் அவற்றைத் தாளில் மசியால் படியெடுத்து, அந்தப் படிகளை நெடுங்காலம் மைசூரில் பாதுகாத்தார்கள். கல் உடைந்தாலும், யாராவது வெள்ளையடித்து மூடினாலும் படி இருக்கும். திருச்சியில் இருக்கும் கம்பெனியின் பேக்கப் அதே பில்டிங்கில் அதே பீரோவில் இருந்தால், நம் கல்வெட்டுக்காரர்கள் நம்மைவிட ஒரு படி மேல் என்றுதான் சொல்ல வேண்டும்.

சரி, இந்தப் பரீட்சையை எங்கே எழுதுவது? செலவே இல்லை. போஸ்ட்கிரஸ் முழுக்க முழுக்க இலவசம். ஆரக்கிளும் படிப்பதற்கென்று ஒரு இலவசப் பதிப்பு தருகிறது. வீட்டில் உள்ள சுமாரான பி.சி. போதும். ஒரு டேபிளில் பத்து லட்சம் ரோ போடுங்கள். போஸ்ட்கிரஸில் 'ஜெனரேட் சீரீஸ்' என்கிற ஒரு ஃபங்ஷனைக் கொண்டே போட்டுவிடலாம். பேக்கப் எடுங்கள். அதற்குப் பிறகு இன்னும் ஆயிரம் ரோ சேருங்கள். இப்போது டேபிளை டிராப் செய்யுங்கள். பயப்படாதீர்கள், உங்கள் சொந்த டேபிள்தானே! அந்த ஆயிரம் ரோவும் சேர்த்துத் திரும்ப வர வேண்டும். வெறும் பேக்கப் மட்டும் வைத்திருந்தால் அந்த ஆயிரம் வராது.

இங்கேதான் லாக் என்கிற விஷயம் வருகிறது. டேட்டாபேஸ், ஒவ்வொரு மாற்றத்தையும் டேபிளில் எழுதுவதற்கு முன்னால் ஒரு பதிவேட்டில் வரிசையாக எழுதிக்கொள்கிறது. பழைய பேக்கப்பை வைத்து, அதன்மேல் இந்தப் பதிவேட்டை முதலிலிருந்து ஓட்டினால், டிராப் செய்வதற்கு ஒரு நிமிஷம் முன்பு வரை கொண்டுவந்து நிறுத்தலாம். ராத்திரி 11 மணிக்கு பேக்கப், மறுநாள் சாயந்திரம் 4 மணிக்கு விபத்து என்றால், லாக் சேமித்து வைக்காதவருக்கு 17 மணி நேர வேலை போச்சு. சேமித்தவருக்கு ஓரிரு நிமிஷம். இந்த வித்தியாசத்தைக் கையால் செய்து பார்த்தவரிடம் இன்டர்வியூவில் வேறு எதுவும் அதிகம் கேட்க வேண்டியிருக்காது.

கூடவே ஒரு சின்ன கணக்கு. 500 ஜி.பி. பேக்கப், டிஸ்க் விநாடிக்கு 100 எம்.பி. வேகத்தில் எழுதும் என்றால், காப்பி ஆகவே 5000 விநாடி. அதாவது ஒரு மணி 23 நிமிஷம். அதற்கப்புறம்தான் லாக் ஓட்ட வேண்டும். முதலாளி போனில் "எப்பப்பா வரும்?" என்பார். "வந்துடும் சார்" என்பது டி.பி.ஏ.வின் பதில் அல்ல. "இரண்டரை மணி நேரம் ஆகும் சார், மூணு மணிக்குள்ள கவுண்ட்டரத் திறக்கலாம்" என்று சொல்ல உங்களுக்கு தைரியம் இருக்கிறதா? அந்த தைரியம் முன்னாடியே ஒத்திகை பார்த்தவருக்குத்தான் வரும்.

'இரண்டாவது சர்வர் ஒன்று எப்போதும் அசலைப் பார்த்து நகலெடுத்துக்கொண்டே இருக்கிறதே, அது போதாதா?' என்று சிலர் கேட்பார்கள். போதாது. அசலில் யாராவது தப்பாக டெலீட் கொடுத்தால், அந்த டெலீட்டும் விசுவாசமாக அங்கே போய்ச் சேர்ந்துவிடும். கிளவுடில் வாடகைக்கு எடுத்த டேட்டாபேஸிலும் இதே கதைதான். டிஸ்க் கெட்டால் அவர்கள் பார்ப்பார்கள். நீங்கள் அழித்தால் எந்த நேரத்துக்குத் திரும்பப் போக வேண்டும் என்று சொல்ல ஆள் வேண்டும்.

ரெஸ்டோர் கைவந்துவிட்டது என்றால், அடுத்து நம்மூருக்கே உரிய ஒரு சங்கதி. தமிழில் டேட்டா! இது பாடப்புத்தகத்தில் வராது, ஆனால் தமிழ்நாட்டில் வேலை பார்க்கும் டி.பி.ஏ.வை நிச்சயம் வந்து இடிக்கும். ஊர்ப் பெயருக்கு 50 என்று நீளம் கொடுத்து ஒரு காலம் இருக்கிறது. ஆங்கிலத்தில் நம் ஊர்ப் பெயர் 15 எழுத்து, தாராளமாக அடங்கும். 'திருச்சிராப்பள்ளி' என்று தமிழில் அடித்தால்? நாம் எண்ணினால் ஒன்பதே எழுத்து. யூனிகோடில் கொம்பு, புள்ளி, கால் எல்லாம் தனித்தனிக் குறிகள், ஆகவே 17 குறிகள். யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். ஆக 51 பைட்! ஆரக்கிளில் வழக்கமான அமைப்பில் அந்த 50 என்பது பைட் கணக்கு. ஒரே ஒரு பைட் கூடியதற்காக நம் ஊரை உள்ளே விடாமல் 12899 என்று பிழை காட்டும். போஸ்ட்கிரஸில் 50 என்பது குறிகளின் கணக்கு, அங்கே 17-தான், பிரச்சினை இல்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு டேட்டாவை மாற்றும் ராத்திரியில் இது தெரியாதவர் பாடு திண்டாட்டம்தான்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனால் இன்னும் வேடிக்கை. 'ஸ்ரீ' என்கிற எழுத்தை ஸ-வில் தொடங்கியும் அடிக்கலாம், ஶ-வில் தொடங்கியும் அடிக்கலாம். இந்த ஶ, 2005-ல் வந்த யூனிகோட் 4.1-ல்தான் சேர்ந்தது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஸ்கிரீனில் ஒரே மாதிரி தெரியும், ஆனால் உள்ளே வேறு வேறு பைட்டுகள். ஒரு கிளார்க் ஒரு கீபோர்டில் அடித்த ஸ்ரீரங்கமும், இன்னொருவர் மொபைலில் அடித்த ஸ்ரீரங்கமும் டேட்டாபேஸுக்கு இரண்டு ஊர்கள். திருவரங்கம் என்று அடித்தவர் மூன்றாவது ஊர். "ஸ்ரீரங்கத்து கஸ்டமர் பாதிப் பேரக் காணோம்" என்று புகார் வரும்போது, சர்வரை ரீஸ்டார்ட் செய்கிறவர் தயாராகவில்லை. பைட்டுகளை எடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறவர் தயார். பழைய பைல்கள் பாமினி போன்ற எழுத்துருவில் இருந்தால் அது தனிக் கதை. அதை மாற்றாமல் யூனிகோட் டேட்டாவோடு கலந்துவிட்டால் தேடலில் எதுவும் அகப்படாது.

வேகம் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அதே பத்து லட்சம் ரோ டேபிளில் இண்டெக்ஸ் இல்லாமல் ஒரு பெயரைத் தேடி நேரம் பாருங்கள், இண்டெக்ஸ் போட்டுப் பாருங்கள், 'எக்ஸ்பிளெயின்' கட்டளை கொடுத்து டேட்டாபேஸ் எந்த வழியாகப் போகிறது என்று படியுங்கள். பிறகு பத்து இண்டெக்ஸ் போட்டுவிட்டு புது ரோ சேர்ப்பது எவ்வளவு மெதுவாகிறது என்பதையும் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். சர்டிஃபிகேட் பரீட்சைகளைப் பொறுத்தவரை, வேலைக்கு மனு போடும்போது கதவைத் தட்ட உதவும். பணம் இருந்தால் எழுதுங்கள், இல்லையென்று மனம் தளர வேண்டாம்.

இதையெல்லாம்விடக் கஷ்டமான ஒன்று சுபாவம். ஓடுகிற டேட்டாபேஸில் அப்டேட் கொடுக்கும்போது 'வேர்' நிபந்தனை போட மறந்தால், ஒருவருக்கு மாற்ற வேண்டிய விலாசம் எல்லாருக்கும் மாறிவிடும். ஆகவே முதலில் டிரான்ஸாக்‌ஷன் தொடங்கி, எத்தனை ரோ மாறியது என்று பார்த்து, ஒன்று என்றால் கமிட், ஒரு லட்சம் என்றால் ரோல்பேக். இது கைப்பழக்கமாக வேண்டும். டெவலப்பர் நண்பர் வந்து, "மச்சி, ஒரே ஒரு சின்ன சேஞ்ச்டா, லைவ்லயே போட்டுடு" என்பார். "டெஸ்ட்ல ஓட்டிட்டு வா மச்சி" என்று சிரித்த முகத்தோடு சொல்ல வேண்டும். எல்லாருக்கும் நல்லவனாக இருக்க ஆசைப்படுகிறவருக்கு இந்த வேலை கொஞ்சம் கசக்கும்.

இன்னொன்றும் உண்டு. டி.பி.ஏ. பாஸ்வேர்டு இருந்தால் கம்பெனியில் யார் சம்பளம் எவ்வளவு, ஆஸ்பத்திரியில் யாருக்கு என்ன நோய் எல்லாம் கண்ணில் படும். பார்த்ததை டீக்கடையில் பேசாதவரா நீங்கள்? 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், டேட்டாவுக்குப் போதிய பாதுகாப்பு செய்யத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. அபராதம் கட்டுவது கம்பெனி என்றாலும், முதல் விசாரணை யாரிடம் நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அட்மின் பாஸ்வேர்டை மானிட்டரில் ஒட்டி வைத்து ஆபீஸே பயன்படுத்துகிற இடமென்றால், பொறுப்பேற்ற முதல் வாரமே ஆளுக்கொரு லாகின் பிரித்துக் கொடுங்கள்.

இனி அந்த மேனேஜர் ரூமுக்கு வருவோம். ரெஸ்டோர் ஒத்திகை வீட்டில் இரண்டு மூன்று முறை செய்திருந்தால், தைரியமாக "சரி சார்" சொல்லலாம் என்பது என் அபிப்பிராயம். எல்லாம் தெரிந்த பிறகுதான் ஒப்புக்கொள்வேன் என்றால் ரிட்டயர்டு ஆகிவிடுவோம். ஒத்திகையே செய்யாதவர், டேட்டாபேஸ் சின்னதாக இருந்தாலும் கொஞ்சம் டைம் கேட்பதுதான் நியாயம், ஏனென்றால் அங்கே போகப் போவது ஊர்க்காரர்களின் பில்லும் மெடிக்கல் ரிப்போர்ட்டும்.

சரி என்று சொல்வதற்கு முன் இரண்டு விஷயம் கேட்டு வாங்குங்கள். பழைய ஆள் போவதற்குள் குறைந்தது இரண்டு வாரம் அவரோடு உட்கார அனுமதி. ரெஸ்டோர் செய்து பார்க்க ஒரு தனி மெஷின், பழசாக இருந்தாலும் பரவாயில்லை. "அதுக்கெல்லாம் பட்ஜெட் இல்லப்பா" என்று மேனேஜர் சொன்னால் சண்டை போட வேண்டாம். "சார், இப்போதைய நிலையில் சர்வர் போனால் இத்தனை மணி நேர டேட்டா போகும், திரும்ப நிற்க இத்தனை மணி நேரம் ஆகும்" என்று ஒரு மெயில் மரியாதையாக எழுதி, ஒரு காப்பி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்களைப் படித்த பிறகு பல மேனேஜர்களுக்கு ஸ்டோர் ரூமில் தூசி படிந்து கிடக்கும் பழைய பி.சி. ஒன்று ஞாபகத்துக்கு வந்துவிடும்.